ஒரே தாத்தன், ரெண்டு பட்டா

ஏலே பேராண்டி, முக்குல இருக்க நோட்டுப் புஸ்தகக் கடை போர்டப் பாத்து நீ விழுந்து விழுந்து சிரிச்சியாம்லா? சிரிச்சதோட விடாம, படம் புடிச்சு உன் கூட்டாளிமாருக்கு வேற அனுப்புனியாம். ‘ஸ்டேஷனரி’ன்னு இங்கிலீசுல எழுதும்போது கடைசியிலேருந்து மூணாவது எழுத்து ‘ஈ’யா இருக்கணும், பெயிண்டர்ப் பய ‘ஏ’ போட்டுட்டான். ‘ஈ’ போட்டாத்தான் பேனா, பேப்பர், கவரு. ‘ஏ’ போட்டா நகராம ஒரே எடத்துல நிக்கதுன்னு அர்த்தமாயிரும். வாஸ்தவந்தான். படிச்ச புள்ள, கண்டுபுடிச்சிட்ட. ஆனா அந்தக் கடை உங்கப்பன் சிலேட்டுக் குச்சி வாங்கித் தின்ன காலத்துலேருந்து அதே வேப்பமரத்தடியிலதான் நிக்கி. கல்லாவுல இருக்க அண்ணாச்சியும் காலையில உக்காந்தாருன்னா ராத்திரிதான் எந்திரிப்பாரு. இதுல பெயிண்டர் எழுதுனது என்னடே பொய்?

சிரிப்ப நிறுத்திட்டு இன்னொண்ணையும் கேளு. இந்த ரெண்டு வார்த்தையும் மொதல்ல ஒண்ணுதான். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல யாவாரம்னா பாதிப்பேரு மூட்டையத் தோள்ல போட்டு ஊர் ஊராச் சுத்துன ஆளுக. அலையாம ஒரு எடத்துல கடை போட்டு உக்காந்தவனுக்கு லத்தீன்ல ‘ஸ்டேஷனாரியஸ்’னு பேரு. நின்ன எடத்துல நிக்கவன்னு அர்த்தம். அப்படி உக்காந்து வித்தவங்கள்ல முக்கியமானவங்க, பல்கலைக்கழகத்து வாசல்ல புஸ்தகம் வித்தவங்க. பேரு அவங்க மேல ஒட்டிக்கிச்சு, அப்புறம் அவங்க வித்த சரக்கு மேலயும் ஒட்டிக்கிச்சு. லண்டன்ல 1403-லயே அந்தத் தொழில்காரங்க சங்கம் வச்சாச்சு. 1557-ல ராசாங்கத்துப் பட்டயமும் வாங்கியாச்சு. ஷேக்ஸ்பியர் நாடகம் பலதும் அச்சுக்குப் போறதுக்கு முன்னால அந்தச் சங்கத்து நோட்டுலதான் ஏறுச்சு. நகராத கடைங்கிறதுதான் அந்தப் பேருக்கே மூலம். நம்ம பெயிண்டர் மூலப் பத்திரத்தப் பாத்து எழுதிட்டான், நீ அதுக்குப் பின்னால வந்த பட்டாவ வச்சுக்கிட்டுச் சிரிக்க.

நீங்கள்லாம் குழம்பிச் சாகுத இங்கிலீசு சோடி வார்த்தைகள்ல நெறைய இப்படித்தான். ஒரே தாத்தன் சொத்து. பேரன்மாரு பாகம் பிரிச்சு, நடுவுல ஒரு எழுத்த எல்லைக்கல்லா நட்டு, ஆளுக்கொரு பட்டா வாங்கிட்டானுக. மூஞ்சி ஒண்ணு போலத்தான் இருக்கும், பங்காளி இல்லையா? அதனால மூஞ்சியப் பாக்காத, கல்லு எந்த எடத்துல நட்டிருக்குன்னு பாரு. அவ்வளவுதான் வித்தை. இதுக்குப் போயி ஆன்லைன்ல காசு கட்டி கிளாஸ் போறியாம்ல. அந்தக் காச உங்க ஆச்சிகிட்டக் குடுத்திருந்தா முறுக்காவது சுட்டுப் போட்டிருப்பா.

சாயந்தரம் ஆனா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில காலிஃப்ளவர் சிக்ஸ்டிஃபைவ் திங்கப் போறியே, அங்க நின்னு என்னைக்காவது கவனிச்சிருக்கியா? அவன் பூவ ஒடச்சு, உப்புப் போட்ட சுடுதண்ணியில முக்கி எடுத்து, செக்கச்செவேல்னு ஒரு பொடியும் கார்ன்ஃப்ளவரும் போட்டுப் பெரட்டி எண்ணெயில விடுதான். காலிஃப்ளவர்லயும் ஒரு ‘ஃப்ளவர்’, கார்ன்ஃப்ளவர்லயும் ஒரு ‘ஃப்ளவர்’. மொத ஃப்ளவர் பூ. ரெண்டாவது மாவு. இங்கிலீசுல எழுதும்போது பூவுக்கு நடுவுல ‘டபிள்யூ’ வரும், மாவுக்கு ‘ஓ-யூ’ வரும். தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணுதான். வாயில போட்டாலும் ஒண்ணுதான், பிரிச்சு எடுக்க முடியுமா உன்னால?

இதுலயும் தாத்தன் ஒருத்தன்தான். கோதுமைய அரைச்சுச் சலிச்சா அடியில விழுமே, வெள்ளையா, மெல்லிசா, அதுக்குக் கோதுமையோட ‘பூ’ன்னு பேரு வச்சான் இங்கிலீசுக்காரன். இருக்கதுலயே ஒசத்தின்னு அர்த்தம். அந்தப் பூவுதான் மாவாப் போச்சு. ஜான்சன்னு ஒரு பெரிய மனுசன் 1755-ல லண்டன்ல அகராதி போட்டாரு. இங்கிலீசு உலகமே அதத்தான் ரொம்ப நாளு தலைமேல வச்சுத் தாங்குச்சு. அந்த அகராதியில பூவுக்கும் மாவுக்கும் ஒரே பட்டாதான், தனித்தனியாப் பிரிக்கவே இல்லை. அவரு எழுதுனா அகராதி, நீ எழுதுனா ஸ்பெல்லிங் மிஸ்டேக். காலம் அப்படி.

அவனுக குழப்பம் இன்னைக்கு நேத்து உள்ளதா? இங்கிலாந்துல மொத அச்சுக்கூடம் போட்டவரு கேக்ஸ்டன். 1476-ல வெஸ்ட்மின்ஸ்டர்ல போட்டாரு. 1490-ல அவரு அச்சடிச்ச ஒரு புஸ்தகத்துக்கு முன்னுரையில ஒரு சங்கதி எழுதி வச்சிருக்காரு. தேம்ஸ் ஆத்துல கப்பல்ல வந்த யாவாரிக, காத்துக் கெடைக்காம நின்னுட்டாங்க. பசி. கரையில எறங்கி ஒரு வீட்டுல போயி ஒருத்தன் சாப்பிட ஏதாவது குடுங்க, முக்கியமா ‘எக்ஸ்’ குடுங்கன்னு கேட்டான். முட்டைதான். அந்த வீட்டு அம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாதேன்னுட்டா. கேட்டவனுக்கு வந்துதே கோவம். அவனுக்கும் பிரெஞ்சு தெரியாது, அவன் பேசுனது சுத்தமான இங்கிலீசு. கூட நின்னவன் ‘ஐரென்’ வேணும்னு கேட்ட பெறவுதான் அந்தம்மாவுக்கு வெளங்கிச்சு. அந்தப் பக்கத்துல முட்டைக்கு அந்தப் பேருதான் வழக்கம். ஒரே நாட்டுக்காரன், ஒரு முட்டைக்கு ரெண்டு பேரு. இத நேர்ல கேட்ட மாதிரி எழுதிட்டு, எந்த வார்த்தைய அச்சுல ஏத்தன்னு தெரியாமத் தலையில கை வச்சாரு கேக்ஸ்டன். அவரு வாரிசுகதான் இப்ப உனக்கு மார்க் போடுதாங்க.

சரி, நீ தமிழ்ல மட்டும் என்ன கிழிச்ச? போன வாரம் தெக்குத்தெரு பெரியவரு தவறிட்டாருன்னு குரூப்புல ‘ஆழ்ந்த இரங்கள்’னு போட்டியே, அத நான் பாக்கலைன்னு நெனச்சியா? இரங்கலுக்கு எந்த ஊர்லடே இந்த ‘ள்’? உனக்குப் பின்னாலயே பதினைஞ்சு பயக அதையே காப்பியடிச்சுப் போட்டிருந்தானுக. செத்தவரு தமிழ் வாத்தியாரு வேற. எந்திரிச்சு வந்து பெரம்ப எடுக்காம இருந்தாரே, அதுவே பெரிய காரியம். வலி, வழி, வளி மூணையும் ஒரே மாதிரி நாக்க மடக்காமச் சொல்லுத பய நீ. இங்கிலீசுக்காரன் ‘லீவ்’க்கும் ‘லிவ்’வுக்கும் வித்தியாசம் வச்சிருக்கான்னு மட்டும் அவனத் திட்டுத.

நம்ம எழுத்துலயும் ஒரு வில்லங்கம் உண்டு, அதையும் ஒத்துக்கிடணும். ‘பேக்’னு தமிழ்ல எழுது பாப்போம். அது தோள்ல மாட்டுத பையா, முதுகா, கேக்கு சுடுததா, மூட்டை கட்டுததா? நாலுக்கும் ஒரே எழுத்து. அவனுக்கு ‘பி’ ரெண்டு தினுசு, நமக்கு ஒரே ‘ப’. சொல்லுத எடத்த வச்சு நமக்கு அர்த்தம் வந்துரும், சத்தத்த எழுத்துல பிடிச்சு வைக்க முடியாது. அதனால பள்ளிக்கூடத்துல இங்கிலீசு வார்த்தைய தமிழ்ல எழுதி வச்சு மனப்பாடம் பண்ணுன பயலுக்கெல்லாம் பரீச்சையில ரெண்டும் ஒண்ணாப் போயிரும். நோட்டு ஓரத்துல ‘அட்வைஸ்’னு எழுதி வச்சா, அது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லான்னு அந்த நோட்டுக்கும் தெரியாது, எழுதுன பயலுக்கும் தெரியாது.

அட்வைஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. உனக்கு நான் குடுக்கது ‘சி’ போட்ட அட்வைஸ், அது பொருளு. நான் உனக்குச் சொல்லுதது ‘எஸ்’ போட்ட அட்வைஸ், அது செயலு. அடையாளம் வேணும்னா கடைசி மூணு எழுத்த உருவிப் பாரு, ‘சி’ போட்டதுல ‘ஐஸ்’ இருக்கும். ஐஸு கையில புடிக்கிற பொருள்தான? புடிக்கிற பொருள்னா ‘சி’. டிவைஸ், பிராக்டிஸ் எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான். லைசென்ஸுல ஐஸு கெடையாது, ஆனா ‘சி’ போட்டா பொருளு, ‘எஸ்’ போட்டா செயலுங்கிற சட்டம் அதுக்கும் உண்டு. நம்ம 1988-ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்துல டிரைவிங் லைசென்ஸுக்கு ‘சி’தான் போட்டிருக்கு.

ஆனா இது பிரிட்டிஷ்காரன் போட்ட வேலி. அமெரிக்காக்காரன் இந்தத் தகராறே வேண்டாம்னு லைசென்ஸுக்கு எப்பவும் ‘எஸ்’, பிராக்டிஸுக்கு எப்பவும் ‘சி’ன்னு முடிச்சுட்டான். வெப்ஸ்டர்னு ஒருத்தரு அந்த ஊருக்குன்னு 1828-ல பெரிய அகராதியே போட்டுப் பல எழுத்தத் தூக்கிக் கடாசிட்டாரு. உன் கம்ப்யூட்டர் எந்த ஊருச் சட்டப்படி ஓடுதுன்னு மொதல்ல செட்டிங்ஸ்ல பாரு. நீ சரியா எழுதுனதுக்கு அது அடியில செவப்புக் கோடு போட்டு, நீ பயந்து அழிச்சு அழிச்சு எழுதிக்கிட்டு இருப்ப.

இப்ப நீ வீட்டுக்கடன் வாங்கப் போறியாம்ல. உன் சம்பளத்துக்கு அது எதுக்குன்னு நான் கேக்கலை. பேங்குல குடுக்க காயிதத்துல ‘பிரின்சிபல்’னு ஒண்ணு வரும், அது அசலு. பள்ளிக்கூடத்துத் தலைவருக்கும் அதே வார்த்தைதான். கடைசியில ‘ஏ-எல்’. ‘எல்-ஈ’ன்னு முடிஞ்சா அது கொள்கை. ரெண்டுக்கும் தாத்தன் ‘முதல்’ங்கிற லத்தீன் வார்த்தை. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல இதுக்கு ஒரு சூத்திரம் சொல்லிக் குடுப்பாங்க. கடைசியில ‘பால்’னு வருது, பால்னா தோஸ்து, பிரின்சிபல் உன் தோஸ்துன்னு ஞாபகம் வச்சுக்கோம்பாங்க. எந்தப் பிரின்சிபல்டே நமக்குத் தோஸ்தா இருந்தான்? முட்டி போட வச்ச மனுசன் ஞாபகந்தான் வருது. நான் சொல்லுதத வச்சுக்கோ. அசலுக்கு ‘அ’, பள்ளிக்கூடத்து அதிபருக்கு ‘அ’. இலங்கையில அதிபர்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு ‘அ’னாவுக்கும் ‘ஏ’. கொள்கை உள்ளதுக்குக் கடைசியில ‘எல்-ஈ’, அதாவது ‘லே’. ‘ஏலே, ஒனக்குக் கொள்கை இருக்கா லே?’ன்னு ஒருதடவ உன்னையே கேட்டுக்கோ. செத்தாலும் மறக்காது. பதில் என்ன வரும்ங்கிறது வேற விசயம்.

அதே பேங்குப் பத்திரத்துல இன்னும் ஒரு கண்ணி இருக்கு. வாடகை அக்ரிமெண்டுல லெசர், லெசீன்னு போடுவான். ‘ஓ-ஆர்’ன்னு முடிஞ்சா குடுக்கவன், வீட்டுக்காரன். ‘ஈ-ஈ’ன்னு முடிஞ்சா வாங்குதவன், அட்வான்ஸ் கொறைக்கச் சொல்லி ஈ…ன்னு பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கவன். சுளுவு. ஆனா வீட்டுக்கடன் பத்திரத்துல ‘மார்ட்கேஜர்’, ‘மார்ட்கேஜீ’ன்னு வரும். இங்கதான் வக்கீல் குமாஸ்தாவே சறுக்குவான். கடன் குடுக்கது பேங்கு, அப்ப பேங்குக்குத்தான ‘ஓ-ஆர்’ வரணும்னு தோணும். வராது. மார்ட்கேஜ்னா அடமானம், கடன் இல்ல. அடமானத்தக் குடுக்கது யாரு? நீ. உன் வீட்டுப் பத்திரத்த வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டுதது யாரு? பேங்கு. அதனால ‘ஓ-ஆர்’ உனக்கு, ‘ஈ-ஈ’ பேங்குக்கு. வாங்கும்போது நீ இளிக்க, இருபது வருசத்துக்கு அவன் இளிக்கான். கையெழுத்துப் போடுததுக்கு முன்னால இத ஒருக்க வாசிச்சுப் பாத்துரு.

அஃபெக்ட், எஃபெக்ட் ரெண்டையும் கேட்டா அரசாங்க ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு ஒடம்பு நடுங்கும். டிரான்ஸ்ஃபர் ஆர்டர்ல ‘வித் இமீடியட் எஃபெக்ட்’னு வரும். அது ‘ஈ’, விளைவு. அந்த ஆர்டர் வந்ததும் புள்ள படிப்பு, பொண்டாட்டி வேலை, வீட்டு வாடகை எல்லாம் ஆடிப்போகுதே, அது ‘ஏ’, பாதிக்கிறது. ஆர்டருக்கு எஃபெக்ட், ஆளுக்கு அஃபெக்ட். இதுக்கு மேல ஒரு சூத்திரம் எவனாலயும் சொல்ல முடியாது. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை வச்சிருக்கான். ‘ஈ’ போட்டதையே சில எடத்துல செயலாவும் எழுதுவாங்க, நடத்திக் காட்டுததுன்னு அர்த்தம். ஒரு மாற்றத்த ‘எஃபெக்ட்’ பண்ணுனாருன்னா மாற்றத்தக் கொண்டு வந்தாருன்னு அர்த்தம். ‘அஃபெக்ட்’ பண்ணுனாருன்னு எழுதுனா, வந்த மாற்றத்துல கை வச்சுக் கெடுத்தாருன்னு ஆயிரும். நம்ம ஊரு தலைவர்மாரு பல பேருக்கு ரெண்டுமே பொருந்தும், அதனால அங்க மட்டும் நீ எப்படி எழுதுனாலும் தப்பு வராது.

கொடை விழா மலர் அச்சடிப்பாங்கல்லா, அதுல விளம்பரம் குடுக்கவன் எல்லாரும் தலைப்புல ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம்’னு போடுவான். சிமெண்டுக் கடை, நகைக்கடை, பல் டாக்டர், ஆட்டோ ஸ்டாண்டு, எல்லாருக்கும் அந்த ஒரே வரிதான். நடுவுல ‘ஐ’ வரணும். ஐன்னா நான். பாராட்டு, மரியாதைன்னு வந்தா நடுவுல நான்தான் நிப்பேன்னு நம்ம ஆளுக நிக்கானுகல்ல, அப்படி வச்சுக்கோ. அந்த எடத்துல ‘ஈ’ போட்டா, கொறை உள்ளத நெறைச்சு முழுசாக்குதது. தோசைக்குச் சட்டினி. அச்சகத்துல ‘ஐ’க்குப் பதிலா ‘ஈ’யக் கோத்துட்டான்னா பல் டாக்டர் விளம்பரம் இல்லாத பல்ல நெறைச்சுக் குடுக்காருன்னு அர்த்தம் குடுக்கும். அது ஒண்ணுதான் பொருத்தமா அமையும். லாட்ஜுல ‘காம்ப்ளிமென்ட்டரி’ காலைச் சாப்பாடுன்னு போட்டா அது ‘ஐ’, ஓசி. ஓசின்னதும் மூணு தட்டு எடுத்துட்டு வராத.

டிஸ்க்ரீட்னு ரெண்டு இருக்கு. ரெண்டு ‘ஈ’யும் ஒட்டி நின்னு குசுகுசுன்னு பேசுனா ரகசியம் காக்கிறது. நடுவுல ‘டி’ பூந்து பிரிச்சு வச்சிட்டா தனித்தனி. அவ்வளவுதான் அதுக்கு. பாலைவனத்துக்கு ஒரு ‘எஸ்’, சாப்பாட்டுக்குப் பின்னால வைக்கிற இனிப்புக்கு ரெண்டு ‘எஸ்’. மேசையத் தொடச்சு எடுத்த பெறவு குடுக்கிறதாலதான் பிரெஞ்சுக்காரன் அந்தப் பேரையே வச்சான். நம்ம கல்யாண வீட்டுல இலையோட ஓரத்துல மொதல்ல விழுததே இனிப்புதான். எச்சில் எடுத்த பெறவு இனிப்பு வச்சா சம்பந்தி வீட்டாரு சண்டைக்கு வந்துருவாங்க.

லூஸ் விசயத்துல மட்டும் நம்ம பயக கெட்டிக்காரனுக. தொலைக்கிறதுக்கு ஒரு ‘ஓ’, தொளதொளன்னு இருக்கதுக்கு ரெண்டு ‘ஓ’. மேட்ச்ல தோத்தா ஒரு ‘ஓ’தான் போடணும், அங்க கூசாம ரெண்டு போடுவானுக. ஆனா லீவு லெட்டர்ல ‘லூஸ் மோஷன்’னு எழுதும்போது ஒருத்தன்கூடத் தப்பு விடுததில்ல, ரெண்டு ‘ஓ’வும் உருண்டையா, கரெக்டா நிக்கும். மனுசன் கஷ்டத்துல இருக்கும்போதுதான் ஸ்பெல்லிங் சரியா வரும் போல.

இனிமேதான் கள்ளத்தனம். பக்கத்துல வா. பழைய கிளார்க்குமாருக்கு ஒரு வித்தை தெரியும். ‘ஏ’யா ‘ஈ’யான்னு சந்தேகம் வந்தா ரெண்டுக்கும் பொதுவா ஒரு சுழி சுழிச்சுட்டுப் போயிருவாங்க. ‘ஐ’ முன்னாலயா ‘ஈ’ முன்னாலயான்னு சந்தேகம் வந்தா ஒரு கொக்கிய இழுத்து, புள்ளிய ரெண்டு எழுத்துக்கும் நடுவாந்தரமா மேல வச்சிருவாங்க. வாசிக்கவன் தனக்கு எது சரியோ அப்படி வாசிச்சுக்கிடுவான். கையெழுத்துப் புரியலைன்னு சொல்லலாமே தவிர, இங்கிலீசு தெரியலைன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. டாக்டர்மாரு ஏன் அப்படி எழுதுதாங்கன்னு இப்பப் புரியுதா?

நான் கோர்ட்டுக்கு எதுத்தாப்புல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சு, ரெண்டு ரெமிங்டனும் ஒரு ஃபேசிட்டும் ஓட்டுன காலத்துலயும் இதுக்கு ஒரு எடம் இருந்துச்சு. ‘ஏ’ எழுத்து இடது கை சுண்டுவிரலுக்கு. சுண்டுவிரலுக்கு ஏது பலம்? புதுசாப் படிக்க வந்த புள்ளைக அடிச்சா ‘ஏ’ மங்கலாத்தான் விழும். ‘ஈ’ நடுவிரலுக்கு, அது சுள்ளுன்னு காயிதத்தக் கிழிக்க மாதிரி விழும். கார்பன் வச்சு மூணாவது காப்பி எடுத்தா ‘ஏ’ இருந்த எடத்துல ஒரு நெழல்தான் தெரியும். கட்சிக்காரன் கையில போறது அந்த மூணாவது காப்பி. அதுல ஏ, ஈ ரகளை எதுவும் கெடையாது, எல்லாம் சமரசம். இப்ப உன் கீபோர்டு எல்லா எழுத்தையும் ஒரே அழுத்தமா, பளிச்சுன்னு காட்டிக் குடுத்துருது. ஒளிய எடமில்லாமப் பண்ணிட்டானுக.

அதுக்குத்தான் கம்ப்யூட்டரே திருத்துதேம்ப. மக்கா, அதுக்குத் தெரிஞ்சது இப்படி ஒரு வார்த்தை உலகத்துல இருக்கா இல்லையாங்கிறது. நீ ‘ஃப்ரம்’னு அடிக்கப் போயி ‘ஃபார்ம்’னு அடிச்சாலும், ‘கொயட்’டுன்னு அடிக்கப் போயி ‘கொயிட்’டுன்னு அடிச்சாலும் பாதி நேரம் அது வாயத் தொறக்காது, ரெண்டும் அகராதியில இருக்குல்லா. இப்ப வந்த புதுசுக வாக்கியத்தப் பாத்துக் கொஞ்சம் கண்டுபுடிக்குதுன்னு சொல்லுதாங்க. அத நம்பியும் கண்ண மூடிராத. ஆச்சி காதுல விழாம மெதுவாச் சொல்லுதேன் கேளு, ‘பப்ளிக்’னு அடிக்கும்போது ‘எல்’ எழுத்துக்கு வலது கை மோதிரவிரலு. மோதிரவிரலு பொறப்புலயே சோம்பேறி. அந்த ஒரு ‘எல்’ விழாமப் போச்சுன்னா வார்த்தை மறுபடியும் அகராதியில உள்ள வார்த்தைதான். செவப்புக் கோடு வராது. ஆனா அர்த்தம் வேட்டிக்குள்ள போயிரும். பொதுநல வழக்குன்னு தலைப்புப் போட்ட மனுவுல அது நடந்துதுன்னா நீதிபதி கண்ணாடியக் கழட்டித் தொடப்பாரு. அதனால அந்த வார்த்தைய மட்டும் எழுத்தெழுத்தா விரல் வச்சு வாசி. மத்ததெல்லாம் போனாப் போகுது.

இவ்வளவும் சொல்லியும் ஒனக்குச் சந்தேகம் தீரலைன்னா ஒரே வழி, அந்த வார்த்தையத் தொடாத. அஃபெக்ட்டா எஃபெக்ட்டான்னு கை நடுங்குனா ‘ரிசல்ட்’னு எழுதிட்டுப் போ. பிரின்சிபிள்ல மாட்டுனா ‘ரூல்’னு எழுது. ஸ்டேஷனரி வேணும்னா ‘பேப்பர், பேனா’ன்னு எழுது, கடைக்காரனுக்கும் அதுதான் புரியும். சின்ன வார்த்தையா எழுதுனா, இவன் ரொம்பத் தெளிவா எழுதுதான்னு ஆபீஸ்ல பேரு வேற கெடைக்கும். தெரியாமப் பண்ணுனதுன்னு நீயா வாயத் தொறந்து சொல்லாத.

அடுத்தவன் தப்பக் கண்டுபுடிச்சா மட்டும் அவசரப்பட்டுத் திருத்தப் போகாத. அதுலயும் மேல இருக்கவரு தப்புன்னா பாக்காத மாதிரியே இரு. ‘மாரல்’னு ஒரு சோடி இருக்கு. கடைசியில ‘ஈ’ போட்டு, சொல்லும்போது கொஞ்சம் இழுத்தா ஆளுகளோட ஊக்கம், உற்சாகம். அந்த ‘ஈ’ இல்லைன்னா ஒழுக்கம். உங்க பெரிய ஆபீசரு ஒரு நாளு, நம்ம டீமோட உற்சாகம் கொறஞ்சு போச்சுன்னு எழுத வந்து, அந்த ‘ஈ’ய விட்டுட்டு எல்லாருக்கும் மெயில் போடுவாரு. நம்ம டீம்ல ஒழுக்கம் கொறஞ்சு போச்சுன்னு ஆயிரும். நீ கம்முனு இருந்து பாரு. ‘அது நான் இல்ல சார்’னு எவன் மொதல்ல பதில் போடுதானோ, அவன்கூட டீக்குப் போறதக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டிரு.